இரட்டை உயிரெழுத்தும் ஊமை ஈயும்

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் தலைமுறைகளாகச் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது தன் பெயரையே ஒலிக்கும். இரண்டாவது வாய் திறக்காது. போட், ரெயின், சீட் என்று எழுத்துக்கூட்டும் ஆறு வயதுக் குழந்தைக்கு இது நல்ல பிடிமானம். ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு அதைப்போல் மூன்று மடங்கு உயிரொலிகளைச் சமாளிக்கும் மொழியில், திகைத்து நிற்பதைவிட ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது மேல். அந்தத் துணிவை இவ்விதி தருகிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1963இல் ஆய்வாளர் தியோடர் கிளைமர் தொடக்கநிலை வாசிப்பு நூல்களின் சொற்களில் இத்தகைய 45 விதிகளைச் சோதித்தபோது, இது பொருந்தியது 45 விழுக்காட்டில்தான். தலையைக் குறிக்கும் ஹெட், ரொட்டியைக் குறிக்கும் பிரெட், 'சொன்னான்' என்ற பொருளில் கதைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் செட் எல்லாமே விதியை மீறுகின்றன. சொன்னபடி செய்த குழந்தை தவறிப்போனால், தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும்.

சொல்லின் கடைசியில் வரும் ஊமை ஈ முன்னுள்ள உயிரை அதன் பெயராக ஒலிக்க வைக்கும் என்ற விதிக்கு அதே ஆய்வில் கிடைத்தது 63 விழுக்காடு. ஹாப் என்பதோடு ஈ சேர்ந்தால் ஹோப், சரி. ஹேவ், கிவ், லவ்? இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்குவதுதான் வழக்கம். அது தேவையற்ற சரணாகதி. ஆங்கிலச் சொற்களை வி எழுத்தில் முடிப்பதில்லை என்பது பழைய எழுத்து மரபு. அதற்காகவே அங்கே ஈ நிற்கிறது. டான்ஸில் அது சி எழுத்தை 'ஸ்' என ஒலிக்க வைக்கிறது. இந்த நான்கு சொற்களையும் ஒரே வரிசையில் எழுதி, 'இந்த ஈக்கு இங்கே வேறு வேலை' என்றால் குழந்தைக்குப் புரியும்.

சின்னப் பிள்ளைக்கு இத்தனை நுணுக்கம் தாங்குமா, முதலில் எளிய விதி போதாதா என்று கேட்பார்கள். அகன்ற விதி எளிய விதி ஆகிவிடாது. அதே ஆய்வில் இரட்டை ஈ சேர்ந்து நெடிலாக ஒலிப்பது 98 விழுக்காடு. ஐயும் ஈயும் சேர்ந்தால் ஐ ஊமையாகி ஈ நீள்வது வெறும் 17. இரண்டையும் ஒரே விதியில் அடைப்பதுதான் சுமை. இரட்டை ஈயைத் தனியாக, உறுதியாகக் கற்றுக்கொடுக்கலாம். ஓ-ஏ சேர்க்கையும் பெரும்பாலும் ஏமாற்றாது. ஈ-ஏ சேர்க்கைக்கு மட்டும் இரண்டு ஒலிகளையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ரீட், ரெட் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே; நேற்று படித்ததா, இன்று படிப்பதா என்பதை வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.