கே ஸெரா, ஸெரா

'கே ஸெரா, ஸெரா' என்பது லத்தீனா, அதற்கு என்ன அர்த்தம் என்று திருநகரில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். லத்தீன் அல்ல. ஸ்பானிஷ் போலத் தோன்றும். ஸ்பானிஷ் இலக்கணத்துக்கும் ஒவ்வாது. இத்தாலிய உருவில் இங்கிலாந்தின் பெட்போர்டு பிரபுக்கள் அதைக் குலவாசகமாக வைத்திருந்தார்கள். 1956-ல் ஹிட்ச்காக் படத்தில் டோரிஸ் டே பாடியதும் ஊரெல்லாம் முணுமுணுத்தது. 'நடப்பது நடக்கும்' - அவ்வளவுதான் பொருள்.

1957-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'ஆரவல்லி'யில் அந்த மெட்டு தமிழுக்கு வந்தது. அந்தச் சொற்கள் வரும் இடத்தில் நிலாவை அழைக்கிறார்கள். 'ஸெரா'வின் ஓசைக்கு 'நிலா' கச்சிதம்தான், வாய்க்கும் இனிக்கிறது. அர்த்தம் எங்கே போயிற்று? ஆங்கிலத் தாய் மகள் கேட்ட எதற்கும் உறுதி சொல்லவில்லை. தமிழ்த் தாயோ, நினைத்தபடியே இன்பமாக வாழலாம் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறாள்! (பெண்ணைப் பெற்றவளுக்கு என்ன தைரியம்!)

இத்தனைக்கும் விதி, தலையெழுத்து என்று அன்றாடம் பேசுகிறவர்கள் நாம். அந்தச் சொற்களுக்கு ஈடு தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம்; எந்த அடுப்பங்கரையிலும் கிடைக்கும். மெட்டில் உட்காரவில்லை என்று விட்டார்களோ என்னவோ. மகளிடம் உள்ளதைச் சொன்ன தாயை அங்கேயே விட்டுவிட்டு, அவள் ராகத்தை மட்டும் கொண்டுவந்ததில் எனக்குச் சம்மதமில்லை.