கிண்ணங்களும் ஒரு முகமும்

புகைப்படக்கலை பயில வருகிற மாணவனுக்குத் தரப்படும் ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று கோழிமுட்டை. வெள்ளைத் தாளின்மேல் முட்டை, ஒரே ஒரு விளக்கு. முட்டையின் உருண்டையைப் படத்தில் கொண்டுவர வேண்டும். விளக்கு காமிராவை ஒட்டி நேராக விழுந்தால் முட்டை தட்டைப் பொட்டாகிவிடுகிறது. பக்கவாட்டில் நகர்த்தினால் நிழல் படர்ந்து கனம் வருகிறது. பின்னால் கொண்டுபோனால் விளிம்பில் ஒரு ஒளிக்கீற்றுத்தான் மிச்சம். வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவங்களில் ஒட்டியிருக்கும் முகங்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அநேகமாக எல்லாமே நேர் ஒளியில் எடுத்தவை. கையெழுத்தோடு ஒப்பிட்டு ஆளை உறுதி செய்ய அது போதும். அதற்குமேல் அந்த முகத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது லென்ஸ். ஒரே முகத்தைக் குறைந்த குவியதூர லென்ஸிலும் நீண்ட குவியதூர லென்ஸிலும் எடுத்துவரச் சொல்வார்கள். முதலாவதில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும். லென்ஸின் குற்றம் என்பான் மாணவன். நின்ற இடத்தை மாற்றாமல் இரண்டிலும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் மூக்குக்கும் காதுக்குமான விகிதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. முகம் சட்டத்தை நிறைக்க வேண்டுமென்று அவன் கிட்டே போனான். மூக்கைப் பெருக்கியது அந்த நெருக்கம். நாம் நடை, பாணி என்று பேசுகிற பல விஷயங்கள் உண்மையில் எழுதுகிறவன் எங்கே நிற்கிறான் என்கிற விஷயங்கள்தாம்.

இப்பயிற்சிகளைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. பார்வை என்பது பிறவியில் வருவது, முட்டையும் விளக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு என்பது ஒன்று. உத்தி கைவந்தால் கலை கைவந்தது என்பது மற்றது. இரண்டுமே யோசிக்கச் சோம்பியவர்கள் சொல்வது. பால் ஸ்ட்ராண்டின் 1916ஆம் வருஷத்தை வைத்து இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஸ்ட்ராண்ட் (1890–1976) நியூயார்க்கில் எதிகல் கல்ச்சர் பள்ளியில் படித்தபோது அவருக்குப் புகைப்படம் கற்பித்தவர் லூயி ஹைன். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தவர். ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸின் '291' காலரிக்கு மாணவர்களை அழைத்துப் போனவரும் அவரே. சமூகம் என்றும் கலை என்றும் பிரித்துவைத்து நாம் சண்டையிடுகிற இரண்டு வாசல்களும் ஒரே வாத்தியாரால் திறந்திருக்கின்றன. அன்றைய நாகரிகப்படி ஸ்ட்ராண்டும் உருவங்களை மங்கலாக்கும் லென்ஸில் பனிமூட்டப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். 1915 வாக்கில் அவற்றைப் பார்த்த ஸ்டீக்லிட்ஸ் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த லென்ஸ் புல், தண்ணீர், மரப்பட்டை எல்லாவற்றையும் ஒரே வஸ்துவால் ஆனதுபோல் ஆக்கிவிடுகிறது, துவாரத்தைச் சுருக்கு. சுருக்கினால் கூர்மை ஏறும், ஒளி குறையும், அதிக நேரம் காத்திருக்க வேண்டிவரும். கேட்பதற்கு வெறும் யந்திர விஷயம். ஆனால் கவித்துவத்தின் பெயரால் பொருள்களின் தனித்தன்மையை அழிக்காதே என்பதை இதைவிடக் கறாராகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

1916 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸில் ஸ்ட்ராண்ட் சமையலறைக் கிண்ணங்களையும் தாழ்வாரத்தில் விழும் நிழல்களையும் எடுத்தார். கிண்ணங்களுக்கு மிக அருகில் போயிருக்கிறார். எது விளிம்பு, எது நிழல் என்று உடனே பிடிபடுவதில்லை. புதிய ஓவியர்கள் ஒரு படத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தனக்குத் தெளிவாக்கிக்கொள்ளச் செய்த பயிற்சி அது. எட்வர்ட் ஸ்டைகனோ புகழ்பெற்ற பிறகு, முதல் உலகப் போர் முடிந்ததும், வெள்ளைக் கோப்பையையும் சாஸரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தூய வெள்ளையிலிருந்து சாம்பல் நிறங்கள் வழியாகக் கறுப்பு வெல்வெட்வரை பின்னணி. ஒரு கோடை முழுவதும் விட்டுவிட்டுச் செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்கள். அவற்றை யாரும் காவியம் என்று சொல்லவில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதை இங்கு எழுதக் காரணம் உண்டு. யாப்பைத் துறந்தபோது நாம் யாப்போடு சேர்த்துப் பயிற்சி என்ற பிரக்ஞையையும் துறந்துவிட்டோம். நோட்டுப்புத்தகத்தோடு முடிந்திருக்கவேண்டிய முட்டைகள் கவிதை என்று அச்சாகின்றன. மழை, மௌனம், மரணம் எல்லாம் ஒரே பஞ்சால் செய்தவை. துவாரத்தைச் சுருக்கு என்று சொல்ல ஆளில்லை, சொன்னால் விரோதம்.

ஆனால் பயிற்சி மட்டும் போதுமென்றால், அதே 1916இல் நியூயார்க் தெருவில் ஸ்ட்ராண்ட் எடுத்த படம் குறுக்கே நிற்கிறது. கல்சுவரின் முன்னால் ஒரு பெண். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'குருடு' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, தெருவில் விற்க அனுமதி தரும் எண் பொறித்த வில்லை. ஒரு கண் மூடிக்கிடக்கிறது, மற்றது பக்கவாட்டில் எங்கோ திரும்பியிருக்கிறது. பனிமூட்ட லென்ஸில் எடுத்திருந்தால் இவள் ஒரு பரிதாபமாகியிருப்பாள். கிண்ணங்களிடம் கற்ற கண்டிப்பு அதைத் தடுத்துவிட்டது. எழுத்து, உலோகம், தோல், கல் ஒவ்வொன்றும் தனித்தனியே தன் கனத்தோடு நிற்கின்றன. 1917இல் வந்த 'காமரா வொர்க்' கடைசி இதழில் கிண்ணங்களும் இவளும் சேர்ந்தே வெளியானது பொருத்தம்தான்.

அந்தத் தெருமுகங்களை எடுக்க ஸ்ட்ராண்ட் காமிராவின் பக்கத்தில் ஒரு பொய் லென்ஸைப் பொருத்தியிருந்தார், வேறெங்கோ குறிவைப்பதுபோல் தோன்றுவதற்காக. கழுத்து அட்டை சொல்வது உண்மையானால், இந்தப் பெண்ணிடம் அந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. கிண்ணத்தை யாரைக் கேட்டும் எடுக்க வேண்டியதில்லை. முகம் அப்படியல்ல. ஒளியையும் துவாரத்தையும் கற்றுக்கொடுத்த பயிற்சி இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை, கற்றுக்கொடுக்கவும் முடியாது. அவ்வளவு கிட்டே நின்றவர், அங்கே நிற்காததுபோல் நின்றார். படம் மேலானது என்பதால் இந்தக் கடன் தீர்ந்துவிடாது. கடன் இருக்கிறது என்பதால் படம் சிறுத்துவிடவும் இல்லை. ஒன்றைக் காட்டி மற்றதை ரத்து செய்கிறவர்கள் விமர்சனத்துக்கு லாயக்கில்லாதவர்கள்.

1953இல் இத்தாலியின் லுஸ்ஸாரா கிராமத்தில் ஸ்ட்ராண்ட் ஒரு வீட்டு வாசலில் தாயையும் அவளது ஐந்து மகன்களையும் எடுத்தார். காமிரா எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. தாய் கதவு நிலையில் நிற்கிறாள், மகன்கள் சுற்றிலும் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். ஒளியும் அமைப்பும் அதே கிண்ணங்களின் கண்டிப்போடு இருக்கின்றன. தாங்கள் எடுக்கப்படுகிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். இரண்டு படங்களுக்கும் நடுவே 37 வருஷங்கள்.