வானவில் மங்கையர் எழுவர்

மங்கையர் எழுவர் மேடைக்கு வருகின்றனர். அவர்கட்குப் பெயரில்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, பழுப்பு என உடுத்திய உடையின் நிறமே அவர்தம் பெயர். அரசனில்லை, அரண்மனையில்லை, ஆடவர் ஒருவரும் அம்மேடையில் ஏறுவதில்லை. ஆடியும் பாடியும் கவிதையாய்ப் பேசியும் அப்பெண்கள் தம் வாழ்வை எடுத்துரைக்கின்றனர். ஏய்த்துச் சென்ற காதல், நண்பன் என்று நம்பியவனே இழைத்த வன்கொடுமை, துணையின்றித் தனியே செய்துகொண்ட கருக்கலைப்பு: ஊர் மூடிவைத்தவை யாவும் வெளிச்சத்திற்கு வருகின்றன.

அமெரிக்கக் கருப்பினக் கவிஞர் என்டோசாகே ஷாங்கே எழுதிய 'ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்' நாடகம் இது. தற்கொலையை எண்ணிப் பார்த்த பெண்களுக்காக என்று அதன் நீண்ட தலைப்பே அறிவிக்கிறது. 1974-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்கு வெளியே, மதுக்கூடம் ஒன்றில் அது தொடங்கிற்று. 1976-இல் நியூயார்க்கின் பிராட்வேயை எட்டி, பூத் அரங்கில் 742 முறை நடைபெற்றது. கருப்பினப் பெண் எழுதிய நாடகம் பிராட்வே ஏறியது அது இரண்டாம் முறைதான். முதலாவது, 1959-இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகம். 1982-இல் 'அமெரிக்கன் பிளேஹவுஸ்' தொடரில் பொதுத் தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பிற்று. வீட்டுக்குள் நடக்கும் கொடுமை வீட்டுக் கூடத்திலேயே பேசப்பட்டது.

ஆசிரியையின் பெயரே ஒரு கலகம்! 1948-இல் பிறந்தபோது அவர் பாலெட் வில்லியம்ஸ். 1971-இல் அப்பெயரைக் களைந்து, தென்னாப்பிரிக்க மொழிப் பெயர்களைச் சூடிக்கொண்டார். தனக்குரியதைத் தானே கொண்டு வருபவள் என்பது ஒன்றின் பொருள். சிங்கம்போல் நடப்பவள் என்பது மற்றொன்றின் பொருள்.

நாடகத்தின் மீது சினந்தோர் உண்டு. "வெள்ளையர் ஏற்கெனவே எம் ஆடவரைக் கொடியர் என்கின்றனர், நம்மவரே அதற்குச் சான்று தருவதா?" என்பது அவர்கள் வாதம். சிவப்பாடை மங்கை கூறும் கதைதான் அவர்களைச் சுட்டது. வியட்நாம் போரிலிருந்து சிதைந்த மனத்தோடு மீண்டவன் ஒருவன். தன்னை மணக்க மறுத்தவளை வழிக்குக் கொணர, தன் குழந்தைகள் இருவரையும் ஐந்தாம் மாடிச் சாளரத்திற்கு வெளியே பிடிக்கிறான், பின் கைவிடுகிறான். அவனைச் சிதைத்தது போர் என்பதை ஷாங்கே மறைக்கவில்லை. ஆனால், அதைக் காட்டி அவனை விடுவிக்கவும் இல்லை. ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே தன்னினும் எளியாளை ஒடுக்கும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடுமா? இனத்தின் மானம் காக்கப் பெண் தன் காயத்தை மறைத்தே ஆகவேண்டும் என்றால், அது யாருடைய மானம்?

அடுத்து வரும் காட்சியே நாடகத்தின் உச்சி. கைவைத்துப் பிணி நீக்குவது கிறித்தவத் திருச்சபைச் சடங்கு. சபைகள் சிலவற்றில் அது குருமாரின் உரிமை. இங்கே குருவுமில்லை, மறையுமில்லை, காணிக்கையுமில்லை. அழுதவளை அழுதவர்களே தொட்டுத் தேற்றுகின்றனர். சடங்கு பறிக்கப்பட்டது, அன்பு மட்டும் எஞ்சியது.

அதன்பின்னும் கடவுள் என்ற சொல் வருகிறதே எனத் தோழர்கள் கேட்பர். வருகிறது. விண்ணிலும் கோயிலிலுமன்று, பெண்ணாக, தம்முள்ளேயே அவர்கள் அதனைக் காண்கின்றனர். அவர்கள் கண்டடைந்ததற்கு நாம் அறிந்த பெயர் தன்மானம். அப்பெயரை விடுத்துப் பழஞ்சொல்லைக் கைக்கொண்டது நாடகத்தின் குறை என்றே நாம் கருதுகிறோம். எத்துணைப் புதுப்பொருள் ஊட்டினும், அச்சொல்லைத் திருடிக் கோயிலுக்கே தூக்கிச் செல்லக் காத்திருப்போர் பலர். எனினும், சொல்லுக்காகச் செயலை இகழ்வது பகுத்தறிவாகாது. மண்டியிடச் சொல்லும் கடவுள் வேறு. மண்டியிட்டவளை எழுப்பி நிறுத்தும் நம்பிக்கை வேறு.

ஷாங்கே 2018-இல் மறைந்தார். 2022-இல் அதே பூத் அரங்கில் எழுவரும் மீண்டும் எழுந்தனர். மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீட்டு வாயிலில் அதனைச் செருப்போடு கழற்றி வைக்கும் ஆடவர் எந்நாட்டிலும் உளர். நம் அணியிலும் உளர். இந்நாடகத்தை அவர்கள் முதலில் காணட்டும். தம் வீட்டுப் பெண்களோடு அமர்ந்து காணட்டும்!