தண்டோராவும் கீர்த்தனையும்

போன கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. வருடக் கடைசிக்குள் முடித்தே ஆக வேண்டிய ரிலீஸ் என்று எங்கள் டீம் ஏழு பேரையும் நாகலூரில் ஒரு காபித் தோட்ட பங்களாவில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே பழம் பறிக்கிற சீசன். சில்வர் ஓக் நிழலில் காலையிலிருந்து சாக்கோடு நிற்பவர்களுக்கும் டிசம்பரில்தான் வேலை அதிகம்.

24ஆம் தேதி ராத்திரி மேனேஜர், "நீ சர்ச்ல பாடுவேல்ல, ஒண்ணு எடுத்து விடுப்பா" என்றார். பாளையங்கோட்டையில் சின்ன வயதில் கேரல் ரவுண்ட்ஸ் போன தைரியத்தில் ஒரு கீர்த்தனை பாடினேன். கைதட்டினார்கள். அவர் வீடியோ எடுத்தார். முடிந்ததும், "எல்லாரும் ஃப்ரெஷ் ஆயிட்டீங்க, டெஸ்டிங்கை இன்னைக்கே முடிச்சிடலாமா?" என்றார்.

எனக்கு பாலாவின் 'பரதேசி' ஞாபகம் வந்தது.

2013இல் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வெறும் கோபம்தான். தேயிலைத் தோட்டத்தில் ஜனங்கள் நோயில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்தியம் பார்க்க வரும் கிறிஸ்தவ டாக்டர் ஆடிப் பாடி மதம் மாற்றுகிறார். படத்துக்கு ஆதாரமான 'ரெட் டீ' நாவலை 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய பி.எச். டேனியலே ஒரு கிறிஸ்தவ டாக்டர். ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைய உழைத்தவர். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று நாம் படிப்பது அவருடைய நாவலைத்தான். அதில் தொழிலாளர் பக்கம் நிற்கிற டாக்டர் ஆபிரகாம், திரையில் கேலிச்சித்திரமாகிவிட்டார். எங்க ஆளை அவமானப்படுத்திட்டாங்க என்பதுதான் அன்றைக்கு என் விமர்சனம்.

நாகலூருக்குப் பிறகு மறுபடி பார்த்தேன். கோபம் இடம் மாறிவிட்டது.

படத்தின் நாயகன் ராசா ஊரில் தண்டோரா போடுகிறவன். ஊருக்குச் செய்தி சொல்வது அவன் வேலை, சோறு போடுவது ஊரின் பொறுப்பு. எல்லாரும் அவனைக் கிண்டல் செய்கிறார்கள், ஆனால் அவன் தட்டினால் நின்று கேட்கிறார்கள். இந்தக் குரலை முதல் பாதியில் அவ்வளவு பிரியமாக வளர்த்தெடுக்கும் படம், மலையேறியதும் அதை மறந்துவிடுகிறது. மலையில் நம் காதில் தங்குவது டாக்டரின் பாட்டு. தொழிலாளிகள் கேட்பவர்கள் மட்டுமே.

அந்தக் காட்சியில் ஓர் உண்மை இருக்கிறது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பாட்டையும் மருந்து மாதிரி அளந்து ஊற்ற முடியும். அன்றைக்கு ராத்திரி என் கீர்த்தனை செய்தது அதைத்தான். நான் மனசாரத்தான் பாடினேன், ஆனாலும் அது வேலைக்கு எண்ணெய் போட்டது. பாலா இதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை ஒரு மதத்தின் குற்றமாகச் சுருக்கிவிட்டார் என்பதுதான் சிக்கல். பாடுகிறவர் எந்தச் சாமியைப் பாடுகிறார் என்பதைவிட, அடுத்த முறை யாருக்கு என்பதுதான் கேள்வி. டாக்டர் பாடி முடித்ததும் ராசாவின் கையில் ஒரு தப்பைக் கொடுத்திருந்தால் அந்தக் காட்சியே வேறு.

டேனியல் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தவர். தொழிலாளிகள் சொல்லச் சொல்லக் கேட்டதிலிருந்து உருவான நாவல் அது. கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறும் கதையில் டாக்டர் பின்னால்தான் வருகிறார். அதற்குள் அந்த இருவரின் குரல் நமக்கு நன்றாகப் பழகிவிடுகிறது. நாவலின் நடை சில இடங்களில் அறிக்கை மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் கேட்கத் தெரிந்த ஒருவர் எழுதியது. படத்தின் கேமரா அழுகையை அற்புதமாகப் பார்க்கிறது. அழுகிறவர்களுக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

அன்றைக்கு மேனேஜர் தூங்கப் போனபின் மணி ஒன்றரை இருக்கும். பில்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்த டெஸ்டர் பொண்ணு, அதுவரை வாயே திறக்காதவள், லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டுத் தெலுங்கில் ஏதோ பாட ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸ் பாட்டு இல்லை. அவங்க அம்மா நாற்று நடும்போது பாடுவதாம். எங்களுக்கு அர்த்தம் புரியவில்லை. யாரும் கைதட்டவில்லை, வீடியோ எடுக்கவில்லை.

முடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "அடுத்து யாரு?"