ஊதுலையும் ஊராரும்

பழைய ஆலைகளை இடிக்காமல் வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தும்போது அக்கம்பக்கத்து ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும் என்பதை இன்று மறுத்துப் பேசுவார் எவரும் இல்லை; ஆனால் எல்லோரும் தலையசைத்து ஏற்கும் கொள்கையைப் பற்றித்தான், அது எந்த நிலைமையில் பலிக்கிறது, எங்கே வெறும் சடங்காகிவிடுகிறது என்ற விசாரணை அதிகம் வேண்டியிருக்கிறது. இவ்விசாரணைக்கு, ஜெர்மனியின் ரூர் பிரதேசத்தில், டூயிஸ்பர்க் நகரத்து மைடரிச் இரும்பாலையைப்போல் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகஸ்ட் தைஸன் நிறுவிய அந்த ஆலை, ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் டன் கச்சா இரும்பை உருக்கித் தந்தபின், ஐரோப்பாவில் எஃகு உற்பத்தி மிதமிஞ்சிப்போனதால் 1985இல் மூடப்பட்டது. தரைமட்டமாக்கிவிடலாம் என்ற யோசனையைச் சுற்றுவட்டாரத்துக் குடிமக்கள் எதிர்த்து நின்றார்கள், நிலம் பொதுவுடைமையாயிற்று, 1989இல் தொடங்கிய எம்ஷர் பூங்காத் திட்டம் அதைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. ஐந்து குழுக்கள் வரைந்தவற்றுள், துருவை மறைக்காமலும் முலாம் பூசாமலும் உலையை உலையாகவே நிற்கவிட்ட பீட்டர் லாட்ஸின் வரைவு 1991இல் தேர்வாகி, 1994இல் பூங்கா திறக்கப்பட்டது.

ஊராரைப் பங்காளிகளாக்கியவை கூட்டங்களும் வினாத்தாள்களும் அல்ல, இடத்தையே அவர்கள் கையில் ஒப்படைத்த துணிவுதான் என்பது என் கட்சி. தாதுக் கிடங்குகளின் கனத்த கான்கிரீட் சுவர்களில் மலையேற்றச் சங்கத்தார் பிடிகளை அறைந்து தங்கள் பயிற்சிக்களம் ஆக்கிக்கொண்டார்கள். 45 மீட்டர் விட்டமுள்ள எரிவாயுத் தொட்டியில் சுமார் 20,000 கன மீட்டர் நீர் நிரப்பப்பட்டிருக்க, முக்குளிப்போர் அதில் 13 மீட்டர் ஆழம்வரை இறங்குகிறார்கள். ஊதுலையின் உச்சிவரை யாரும் ஏறிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, இரவிலும் வாயில் அடைக்கப்படுவதில்லை. கருத்துக் கேட்கப்பட்டவன் கேட்டவனை மறந்துவிடுவான். சுவரில் தன் கையால் ஆணி அறைந்தவன் அந்தச் சுவரை விட்டுக்கொடுக்கமாட்டான்.

ஆயினும் இவ்வெற்றியை ஜனநாயகத்தின் மகிமை என்று மட்டும் பாடுவது அரைகுறை உண்மை. அந்த மண் நச்சு ஏறிய மண். அதற்குப் போட்டியிட வியாபாரிகள் முண்டியடிக்கவில்லை. பம்பாய்ப் பருத்தியாலைகளின் கதையோ நேர்மாறு: நிலம் பொன்னாக விலைபோகும் அந்நகரில், ஆலை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும் மற்றொரு பங்கு பொதுக் குடியிருப்புக்கும் என்று 1991இல் வகுத்த விதி, 2001இல் கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது, 2006இல் உச்ச நீதிமன்றமும் அச்சுருக்கத்தை நிலைநிறுத்தியது. தொழிலாளர் சங்கங்களின் குரலுக்கு அங்கே குறைவில்லை. நிலத்தின்மீது அவர்களுக்குப் பிடி இல்லை.

மைடரிச்சின் குறையோ வேறு. பூங்காவைப் பேணும் செலவு பொதுப்பணத்தின் தலையில் விழுவதையும், உலையோடு போன வேலைகள் பூங்காவோடு திரும்பிவராததையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆழமான குறை, இம்முறை ஸ்தாபனமாகத் திரண்டவர்களுக்கே காது கொடுத்தது என்பது. முக்குளிக்கவும் மலையேறவும் சங்கம் வைத்திருந்தவர்கள் பயனடைந்தார்கள். உலைகளிலும் சுரங்கங்களிலும் வெந்துழைக்க வந்த துருக்கியக் குடும்பங்களுக்கு அத்தகைய சங்கங்கள் ஏது?

அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. அருகிலுள்ள மார்க்ஸ்லோவில் சுரங்கத் தொழிலாளர் உண்ட பழைய உணவுச்சாலையைத் தங்கள் தொழுகைக்கூடமாக்கிக்கொண்டார்கள். பின்னர் அதே இடத்தில் 2008இல் எழுந்த பெரிய பள்ளிவாசலோடு, அயலாரும் கூடிப் பழகுவதற்கான மண்டபம் ஒன்றும் சேர்ந்தது. அக்கம்பக்கத்தாரும் தேவாலயத்தாரும் அமர்ந்த ஆலோசனைக் குழு முன்கூட்டியே கலந்து பேசியதால், பள்ளிவாசல் என்றதும் வேறு ஜெர்மானிய நகரங்களில் மூண்ட கலகம் இங்கே மூளவில்லை. ஊதுலையைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வரும் நிபுணர்களுள் எத்தனைபேர் இந்த உணவுச்சாலையின் சரித்திரத்தை விசாரிக்கிறார்களோ!

ஆகவே ஆலை ஒன்றைப் புதுக்கப் புறப்படும் நகரசபையார், முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன், நிலம் யார் வசம் இருக்கிறது என்பதையும், அந்தச் சுவர்களுக்குள் அழைப்பில்லாமலே ஏற்கெனவே கூடிவருகிறவர்கள் யார் என்பதையும் நேரில் போய் விசாரித்துக்கொள்ள வேண்டும்.