சோதனை வடிவமும் மொழிபெயர்ப்பும்: புளூம் ஆய்வு குறித்த ஒரு மதிப்பீடு

உளவியல் ஆய்வுக்குரிய சோதனை வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது புள்ளியியலாரின் பணி எனக் கருதி மொழிபெயர்ப்பாளர் ஒதுங்கி நிற்பது வழக்கம். இது எத்துணைப் பெரும்பிழைக்கு இடந்தரும் என்பதற்கு ஆல்பிரட் புளூம் 1981இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். நிகழாததை நிகழ்ந்ததாகக் கொண்டு பேசுவதற்கெனத் தனி வினைவடிவம் சீனத்தில் இல்லை. ஆகவே அவ்வகைச் சிந்தனையில் சீனர் ஆங்கிலம் பேசுவோரினும் இடர்ப்படுகின்றனர் என்பது அவர்தம் முடிவு. ஒரு மக்களினத்தின் சிந்தனைத் திறன் பற்றிய தீர்ப்பு இது. ஆதலின் அது எவ்வடிவத்தின் மீது எழுப்பப்பட்டது என்று வினவுதல் கடமையாகிறது.

சீனம் அறியாத 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவஞானி ஒருவர் அம்மொழியை அறிந்திருந்தால் எவற்றையெல்லாம் கண்டிருப்பார் என்பது சோதனைக்கதை. அமெரிக்கர் ஆங்கிலத்திலும் சீனர் சீனத்திலும் படித்தனர். இது வெவ்வேறு குழுக்களை ஒப்பிடும் வடிவம். இவ்வடிவம் வலுப்பெற ஆட்களைச் சமவாய்ப்பு முறையில் பிரிக்க வேண்டும். தாய்மொழியை அவ்வாறு பிரித்தளிப்பது எங்ஙனம்? சீட்டுக் குலுக்கி எவரையும் சீனராக்க இயலாதன்றோ! எனவே கல்விமுறை, தேர்வெழுதும் பழக்கம் ஆகியனவும் மொழியோடு சேர்ந்தே வேறுபடுகின்றன. இவற்றினும் முதன்மையான குறை பனுவலில் உள்ளது. இரு குழுவினரும் படித்தவை இருவேறு பனுவல்கள். மொழி மாறிய இடத்திலேயே நடையின் செம்மையும் மாறிவிட்டது. விளைந்த வேறுபாடு சீனமொழியால் வந்ததா, அச்சீனப் பெயர்ப்பால் வந்ததா என்பதை இவ்வடிவத்தால் பிரித்தறிய முடியாது.

1983இல் டெரி ஔ ஐந்து ஆய்வுகளின் வழி இதனையே சுட்டினார். கதையை இயல்பான சீனத்தில் தந்தபோது சீனர் பெரிதும் இடர்ப்படவில்லை. ஔ தெரிந்தெடுத்த இருமொழியாளர் ஆங்கிலக் கல்வி பெற்றவர் என்னும் மறுப்பில் ஓரளவு நியாயமுண்டு. எனினும் 1985இல் லியூ தைவான் மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வும் புளூமின் முடிவுக்குத் துணைநிற்கவில்லை.

நம் மொழியில் இதனை எண்ணிப் பார்க்கலாம். ‘மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்’ என்னும் தொடர் மழை பெய்யவில்லை என்றும் பொருள்படும். பெய்ததோ இல்லையோ அறியாதவன் ஊகித்துக் கூறுவதாகவும் அமையும். முன்பின் தொடர்களே பொருளை உறுதி செய்கின்றன. அவற்றைக் கவனியாது பெயர்த்தவரின் கதையைப் படித்துத் தடுமாறுபவரைச் சிந்திக்கத் தெரியாதவர் என்பது முறையா?

மொழியையும் நடைச் செம்மையையும் தனித்தனி மாறிகளாகக் கொண்டு நான்கு நிலைகளை அமைப்பதே இங்குத் தக்க வடிவம்: செம்மையான ஆங்கிலம், செம்மையற்ற ஆங்கிலம், அவ்வாறே சீனம். கதை ஒன்றிரண்டாக இருத்தலும் போதாது. ஆட்களைப் போலவே சொற்களும் தொடர்களும் மொழியிலிருந்து எடுத்த மாதிரிகளே என்று ஹெர்பர்ட் கிளார்க் 1973லேயே வற்புறுத்தியுள்ளார். இருமொழியாளர் ஒருவரையே இரு மொழியிலும் சோதிப்பதாயின் ஒரே கதையை இருமுறை தரலாகாது. முதல் வாசிப்பு இரண்டாவதற்குப் பயிற்சியாகிவிடும். வெவ்வேறு கதைகளைத் தந்து, மொழிவரிசையை ஆளுக்காள் மாற்றுதல் வேண்டும்.

மூலமொழிக்கு மீளப் பெயர்த்துச் சரிபார்ப்பது பலரும் கையாளும் முறை. எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. திறமையான பெயர்ப்பாளர் கரடுமுரடான தொடரையும் தம்மையறியாமல் செப்பனிட்டு நல்ல ஆங்கிலமாக்கிவிடுவார், குறை மறைந்துவிடும். சோதனைக்கு முன்பே, மூலத்தைக் காணாத தாய்மொழியாளர் சிலரிடம் பனுவலைக் கொடுத்து, எவ்விடத்தில் நடை இடறுகிறது எனக் குறிக்கச் செய்தல் இதனினும் பயன்தரும்.