ஒரு கணிப்பொறியில் பல பட்டறைகள்: ஒரு மதிப்பீடு

2011 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் இடம்பெற்றது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளமே பாஸ்.

கருவி கைக்கு வந்தால் மட்டும் போதுமா? அதில் ஓடும் மென்பொருளும் தொடர்ந்து வரவேண்டும் அல்லவா? லினக்ஸில் மென்பொருளைப் பொதிகளாகக் கட்டி அளிப்பது வழக்கம். ஆனால் ஒரு பதிப்பில் கட்டிய பொதி மற்றொரு பதிப்பில் ஓடாமல் போகலாம். ஏன்?

எந்த நிரலும் தனித்து இயங்குவதில்லை. பொது நூலகங்களை நாடுகிறது. டெபியன் 11-இல் சி மொழி நூலகத்தின் எண் 2.31, டெபியன் 12-இல் 2.36. புதியதில் கட்டிய நிரல் புதிய நூலகத்தைக் கேட்டால், பழையது கைவிரித்துவிடும். பழையதிலேயே கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் எப்போதும் உதவாது. மறையாக்கத்திற்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் 11-இல் 1.1 வரிசையைச் சேர்ந்தது. 12-இல் 3-ஆம் வரிசை. முன்னதை நம்பிய பொதியைப் பின்னது ஏற்காது.

ஆகவே பதிப்புக்கு ஒரு பொதி தேவை. அதற்காகப் பதிப்புக்கு ஒரு கணிப்பொறி வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்புக் கம்பி ஆலைகளை எண்ணிப் பாருங்கள். உலையும் மோட்டாரும் ஒன்றே. உருளைகளை மாற்றினால் 8 மி.மீ. கம்பியும் வரும், 16 மி.மீ. கம்பியும் வரும். இங்கு உருளைகளின் இடத்தில் நூலகங்கள்.

1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சிஎச்ரூட் என்னும் வசதி, ஓர் அடைவையே முழுக் கோப்பமைப்பாக நிரலுக்குக் காட்டுகிறது. டிபூட்ஸ்டிராப் என்னும் கருவி அவ்வடைவில் வேண்டிய பதிப்பை நிறுவுகிறது. பிபில்டர் ஒவ்வொரு முறையும் தூய நகலை விரித்து, குறிப்பிட்ட நூலகங்களை மட்டும் சேர்த்து, பொதியைக் கட்டியதும் நகலை அழித்துவிடுகிறது. ஆக்கியோர் தம் பொறியில் இருந்த நூலகத்தைக் குறிப்பிட மறந்திருந்தால், கட்டும் வேலை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இம்முறையின் தலையாய சிறப்பு இதுவே.

குறைகளும் உண்டு. எல்லாப் பட்டறைகளுக்கும் கெர்னல் ஒன்றே. ஆதலின் இது தனிக் கணிப்பொறிக்கு ஈடாகாது. ஒவ்வொன்றும் வட்டில் சில நூறு மெகாபைட் இடம் கேட்கும்; அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். மேலும், கட்டப்பட்டது ஓடும் என்பதற்கு உறுதியில்லை. ஓட்டிப் பார்த்தே தீரவேண்டும்.

ஆயினும் பெருங்குறை கருவியில் இல்லை. புதிய பதிப்புக்கு மட்டும் பொதி கட்டிவிட்டு, "நீங்களும் மாறிக்கொள்ளுங்கள்" என்னும் மனப்போக்கில் இருக்கிறது. பழைய மடிக்கணினியை வைத்துப் பயிலும் மாணவருக்கு அது கதவடைப்பே. மென்பொருள் ஆக்கும் மாணவர்களே! இரண்டு பட்டறைகளை அமைக்க ஒரு மாலைப்பொழுது போதும். அதனால் பழைய கணினி ஒன்று இன்னும் சில ஆண்டுகள் பயன்படுமானால், அந்த உழைப்பு வீணாகாது.